அடுத்தவள் விரித்த படுக்கை

என் அக்காவுக்கு ஓட்டல் படுக்கையைப் பார்த்தாலே குமட்டும். ஒரு பெரிய ஓட்டலின் மூன்றாவது மாடியில் இருபத்தேழு வருடமாக அறை சுத்தம் செய்கிறவள் அவள். ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை, அறைக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் குளியலறையைத் தேய்த்து, குப்பையை அள்ளி, விரிப்பை மாற்றி, தலையணையைத் தட்டி நிமிர்த்திவிட்டு அடுத்த கதவுக்கு ஓட வேண்டும். எத்தனை ஆயிரம் கட்டிலுக்கு விரித்திருப்பாளோ தெரியாது. ஆனால் ஓட்டல் கட்டில் ஒன்றில் ஒரு ராத்திரிகூட அவள் படுத்ததில்லை.

மனிதர்கள் எவ்வளவு அசிங்கமானவர்கள் என்பதை நான் அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். கோட்டு சூட்டு போட்ட கனவான் வெட்டிய நகத்தைத் தலையணைக்கு அடியில் விட்டுவிட்டுப் போவான். வாந்தி எடுத்துவிட்டு அதை மேஜை இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டுப் போன புதுமணத் தம்பதியும் உண்டு. ஷூவைத் துடைக்க முகத் துண்டு, மூக்கைத் துடைக்கத் திரைச்சீலை. வீட்டில் இப்படிச் செய்தால் பெண்டாட்டி விளக்குமாற்றை எடுப்பாள் என்று தெரிந்துதான் ஓட்டலுக்கு வந்து செய்கிறார்கள் போலிருக்கிறது.

இந்த வருடம் அத்தான் பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் அக்காவை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போவது என்று முடிவெடுத்தார். அவருக்குப் பனிமலை பார்க்க வேண்டும். அக்காவின் ஆசை வேறு.

"எனக்கு மலையும் வேணாம், கோபுரமும் வேணாம். இன்னொருத்தி விரிச்ச படுக்கையில, அருவருப்பு இல்லாம ஒரு வாரம் தூங்கி எழுந்திருக்கணும். அது போதும்" என்றாள்.

கேட்கச் சின்ன ஆசைதான். ஆனால் பாம்பின் கால் பாம்பறியும். உலகத்தில் எந்த ஓட்டலைக் காட்டினாலும் அவளுக்கு அதன் அழுக்குதான் முதலில் தெரிந்தது. மூன்று வாரமாக அத்தான் காட்டிய அத்தனையையும் தள்ளிவிட்டாள். விசா அலுவலகத்தில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். எங்கே தங்கப்போகிறார்கள் என்ற தாள் கையில் இல்லாவிட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். அதற்குள் அக்காவின் லீவு முடிந்துவிடும், இன்னொரு முறை லீவு தர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் என்னைக் கூப்பிட்டார். லேப்டாப்போடு போய் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

முதல் படம் வந்ததுமே அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"கால்மாட்டுல பட்டுத்துணி மாதிரி ஒண்ணு போட்டிருக்கான் பாரு. அதைத் துவைக்கவே மாட்டாங்க. செருப்புக் காலோட அது மேலதான் படுப்பானுங்க."

அடுத்தது. "இவ்வளவு குஷன் எதுக்கு? ராத்திரி எல்லாத்தையும் தரையில வீசுவான், காலையில நாங்க எடுத்துத் திரும்பக் கட்டில்ல வைப்போம்."

அதற்கடுத்ததில் தம்ளர்களுக்குக் காகிதத் தொப்பி போட்டிருந்தது. "ஆகா, எவ்வளவு சுத்தம்!" என்றார் அத்தான்.

"தொப்பிதாங்க புதுசு" என்றாள் அக்கா.

"அப்ப தம்ளரை எதால துடைப்பீங்க?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"விருந்தாளி போட்டுட்டுப் போன துண்டாலதான்."

அத்தான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். "சீ! நீயுமாக்கா?" என்றேன்.

"நானும்தான். கீழ அனுப்பிக் கழுவி வாங்கப் பத்து நிமிஷம் ஆகும். யாருடீ தருவா எனக்குப் பத்து நிமிஷம்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளர் என்று ஒருவன் கழுத்துப்பட்டையோடு வரவேற்பறையில் ரோஜா அடுக்குகிறான், மேலே என் அக்காவுக்கு ஒரு தம்ளரைக் கழுவ நேரமில்லை. தூ!

நாலரை மணிக்கு அத்தான் தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். பத்துக்கு ஒன்பதே முக்கால் மதிப்பெண். ஜன்னலைத் திறந்தால் பனிமலை. கார்ப்பெட் கிடையாது, குஷன் கிடையாது, வெள்ளை வெளேரென்று அறை. அக்காவால்கூடக் குறை சொல்ல முடியவில்லை. "சரி, ரிவ்யூவைப் படி" என்றாள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தனையும் புகழ்ச்சி. ஒருவன் மட்டும் குளியல் தொட்டியில் கிடந்த ஒற்றை முடியைப் படமெடுத்துப் போட்டிருந்தான். கீழே ஓட்டல்காரர்களின் பதில்: 'வருந்துகிறோம். அந்த அறையைச் சுத்தம் செய்த பெண்ணை அன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.'

அக்கா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயில் கை கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் நடந்திருக்கு. தொட்டியில முடி கிடக்குன்னு ஒருத்தன் கத்தினான். மேலாளர் என்னை அவன் முன்னாடி கூட்டிட்டுப் போய் மண்டி போட்டு அந்த முடியை எடுக்கச் சொன்னாரு. சிவப்புச் சாயம் அடிச்ச முடி. அவன் தலையும் சிவப்பு. எடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன்."

இத்தனை வருடத்தில் இதை அவள் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அத்தானுக்கும் அப்போதுதான் தெரியும் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வேற பாரு" என்றாள்.

அத்தான் பெருமூச்சு விட்டார். "வந்தா மலை, போனா மயிருன்னு சொல்லுவாங்க. நமக்கு மயிர் வந்து மலை போச்சு." அக்காவே சிரித்துவிட்டாள். ஆனால் அந்த ஓட்டலை அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஆறு மணிக்கு எனக்குக் கண் எரிந்தது. பட்டியலின் அடியில், அதே ஊரில் பத்துக்கு ஆறு வாங்கிய ஓட்டல் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். படிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் படித்தேன். 'இரண்டு மணிக்கு அறை தருவதாகச் சொல்லி நாலரைக்குத்தான் தந்தார்கள். நானே பார்த்தேன், சுத்தம் செய்கிறவள் ஒரே அறையில் ஒரு மணி நேரமாக இருந்தாள். சோம்பேறி.'

"நில்லு. மறுபடி படி" என்றாள் அக்கா.

படித்தேன்.

"ஒரு ரூமுக்கு ஒரு மணி நேரமா?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"வேற என்ன திட்டியிருக்காங்க?"

"தம்ளர் எல்லாம் ஈரமா இருந்துச்சாம். துடைக்கக்கூட இல்லையாம்."

"ஈரமாவா?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் வந்தாள். "அப்ப கழுவியிருக்காடீ! தண்ணியில கழுவியிருக்கா! ஏங்க, இதையே போட்டுடலாங்க."

"சுவரைப் பாக்கவா அவ்வளவு தூரம் போறோம்?" என்றார் அத்தான்.

"மலையைத் தெருவுக்கு வந்து பாத்துக்கலாம்."

அவர் தலையாட்டினார். பெயர், பிறந்த தேதி, ஏழு ராத்திரி என்று எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. ஓட்டல்காரர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதில் எழுதலாம். கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"தினமும் ரூமுக்குள்ள வர வேணாம்னு போடு. விரிப்பையும் துண்டையும் கதவுகிட்ட வச்சிட்டுப் போகட்டும். நானே மாத்திக்கிறேன். போகும்போது குளியலறையும் கழுவி வச்சிட்டுப் போறேன்னு சொல்லு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பை மூடியிருப்பேன். "உனக்கு என்ன பைத்தியமா? இன்னொருத்தி விரிச்சுப் படுக்கணும்னுதானே இவ்வளவு பாடு? ஐரோப்பாவுக்குப் போயும் கக்கூஸ் கழுவப்போறியா?"

"முதல் நாள் அவ விரிச்சிருப்பா இல்ல? அது போதும்." திரையில் இருந்த அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் படுத்ததை அவ எதுக்குடீ தொடணும்? அவளுக்குக் குமட்டாதா?"

இருபத்தேழு வருடமாக ஊரார் அழுக்கை அள்ளியவள், தான் படுத்த இடமும் அழுக்குதான் என்று நம்பிவிட்டாள். அவளை அப்படி ஆக்கிய ஒவ்வொருவன் முகத்திலும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் அந்தக் கட்டத்தில், 'தயவுசெய்து தினமும் வந்து படுக்கையை விரித்துவிட்டுப் போகவும்' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

"நான் சொன்னது போட்டியாடீ?" என்று கேட்டாள்.

"போட்டாச்சுக்கா" என்றேன்.