கிணற்றடிக் கல்லில் இருந்த பெயர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் அக்காள் மகன் எழுதுகிறான். நடுவே நான் வேறெங்காவது போய்விட்டால், "மாமா, கல்லுக்கு வாங்க" என்று இழுத்துக்கொண்டு வருகிறான்.

திண்டுக்கல் பக்கம் அகரத்துக்கு அருகில், ஆற்றை ஒட்டி எங்கள் தோட்டம். ஆத்தூர் மலையில் மழை பிடித்தால் இங்கே ஆற்றில் செந்தண்ணீர் வரும். எங்கள் அப்பா காலத்தில் வந்த வெள்ளத்தில் ஒரு மாட்டுவண்டி, மாட்டோடு போயிற்றாம். அந்த மாடு... சரி, கல்லுக்கு வருகிறேன். தோட்டத்தின் கிழக்கு மூலையில் ஒரு மேடு உண்டு. எந்தக் காலத்திலோ வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண். சோளம் விதைத்தால் முழங்கால் உயரத்துக்கு மேல் வராது. அதைச் சமப்படுத்தி மல்லிகை வைக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் போன பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். பஸ் டிக்கெட், உர மூட்டை, சோப்பு உறை என்று எது கையில் கிடைத்தாலும் சத்தமாக வாசிப்பாள். ஒருநாள் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இதுல 'ட' போட்டிருக்கு" என்றாள்.

"அது கொத்துக்காரன் உளி. எந்திரிடி, வெயில் போகுது, துணி காய வேணாமா?" என்றாள் என் மனைவி.

நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம். அம்மி வழவழத்துப் போனால் உளியால் கொத்தி வைக்கிறோம் இல்லையா? அதுபோல யாரோ கொத்திய கல் என்று. என் அப்பா அந்த மேட்டிலிருந்து புரட்டிக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் சொரசொரப்பு. அழுக்குப் போகும் என்று சொரசொரப்பை மேலே வைத்துவிட்டார். பிறகு அதுவும் தேய்ந்தது. அம்மி கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு போனபோது என் மனைவி கூப்பிட்டு அதையும் கொத்தச் சொன்னாள்.

மகள் போன பிறகு அவள் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. சொந்தக்காரர்கள் வந்து, "இன்னொண்ணப் பெத்துக்கங்க, மனசு ஆறிப்போகும்" என்றார்கள். பிறக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து மேட்டை வெட்ட ஜேசிபி வந்தது. கொஞ்ச நேரத்தில் கல்லில் இடித்து நின்றது. மண்ணை ஒதுக்கினால் வரிசையாகக் கருங்கல், அதில் தாமரை இதழ், அதற்கு மேலே எழுத்து. வண்டி ஓட்டியவர் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டார். என் மனைவியின் தம்பி எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், பொதையலா? எங்க அக்காளுக்கு ஒரு சங்கிலியாச்சும் தேறுமா?" என்றான்.

"ஒனக்கு ஒரு மம்பட்டி தேறும். எறங்கி அள்ளு" என்றேன்.

பள்ளம் பெரிதாகப் பெரிதாகக் கோயிலின் அடிப்பகுதி முழுக்கத் தெரிந்தது. மதுரையிலிருந்து தமிழ் டீச்சர் ஒருவரும் தொல்லியல் ஆட்களும் வந்தார்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்தார்கள். வழக்கமாகக் கல்லில் நிலமும் நெல்லும்தான் இருக்குமாம். இதில் பாட்டு இருந்தது. டீச்சர் ராகம் இல்லாமல், ஆனால் தாளம் தப்பாமல் வாசித்தார். பிறகு எங்களுக்காக எடுத்துச் சொன்னார்.

"ஆத்துல போன தண்ணி மழையாத் திரும்பி வருது, நீ வரலையேன்னு ஒரு அப்பா எழுதி வச்சிருக்கார்ம்மா. செத்துப்போன மக பேர்ல அணையா விளக்கு. நெய்க்கு ஆடு விட்டிருக்கார். சாவா மூவாப் பேராடுன்னு சொல்லுவாங்க. சாகாது, கிழடாகாது."

"அதென்ன தாயி, சாகாத ஆடு?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணு செத்தா இடையர் இன்னொண்ண விட்டுருவார். மந்தை குறையாது."

"ஒண்ணு போனா இன்னொண்ணா? ஆட்டுக்குச் சரி" என்றாள் என் மனைவி.

பெண்ணின் பேர் என்ன என்று அவளே கேட்டாள். பேர் வர வேண்டிய இடத்தில் கல் உடைந்திருந்தது. "மறுபாதி இங்க எங்கயாச்சும் கெடக்குதாம்மா?" என்றார் டீச்சர். அவள் கிணற்றடிக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

டீச்சர் குனிந்து கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் ஒரே ஒரு எழுத்து மட்டும் தப்பியிருந்தது. 'ட' என்றார். மற்றதெல்லாம் உளிக்குழி.

"நாந்தான் கொத்தச் சொன்னேன் தாயி. வழுக்குச்சு" என்றாள்.

"தெரியாமத்தானம்மா."

"இன்னொருக்கா வாசிங்க."

கிணற்றடியில் நின்றபடியே, தாளைப் பார்த்து டீச்சர் மறுபடி வாசித்தார். பேர் விட்டுப்போன இடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தில் என் மனைவி எங்கள் மகள் பேரைச் சொன்னாள். முணுமுணுப்பாக இல்லை, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மோட்டார் ரூம் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுத்து இருந்த கற்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சத்தைப் பிறகு தோண்டுவதாகச் சொல்லிப் பள்ளத்தை மணல் போட்டு மூடினார்கள். யாரும் வரவில்லை. மல்லிகையும் வைக்கவில்லை. ஒரே ஒரு எழுத்து இருக்கிற கல்லை எடுத்துப்போய் என்ன செய்ய என்று கிணற்றடிக் கல்லை விட்டுவிட்டார்கள்.

"பாட்டு டவுனுக்குப் போயிருச்சு. பேரு இங்ஙனதான் கெடக்கு" என்றாள் என் மனைவி. அதன் பிறகு அதில் துணி போடவில்லை, யாரையும் போடவிடவும் இல்லை. மோட்டார் தொட்டி விளிம்பில் குனிந்து துவைத்து, கடைசிவரை இடுப்பு வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளும் போய்விட்டாள். திண்டுக்கல்லுக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்லி அக்காள் மகன் கூப்பிடுகிறான். மகள் பேரையும் எழுதிவிடட்டுமா என்கிறான். வேண்டாமப்பா, அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடு என்றேன்.