நூற்று எழுபது இறாத்தல் ஆளுக்குரிய பலகை

ஸ்ரீஸ்கந்தராசா எங்களுக்கு வேற்று ஆள் இல்லை. என் தங்கச்சி யோகராணியின் புருசன் பகீரதனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் நான் ஆறாம் மாடி, தங்கச்சி ஒன்பதாம் மாடி, அவன் பதினோராம் மாடி. நாற்பத்தைந்து வயதாகியும் கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "எனக்கு ஆர் பேபியக்கா பொம்பிளை தரப்போயினம்?" என்று சிரிப்பான். சும்மா சொல்லக்கூடாது, தரத் தயாராக நாலைந்து பேர் இருந்தார்கள். குளிர்காலம் முழுக்க மலையில் பலகையோடு கிடக்கிற மாப்பிள்ளை என்று தெரிந்ததும் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள்.

எண்பத்தெட்டில் இந்தக் குளிர் நாட்டுக்கு அகதியாக வந்து, வடக்கே ஒரு பனிச்சறுக்கு மலையில் கோப்பை கழுவத்தான் போனான். இரண்டாம் வருசம் அதே மலையில் ஸ்னோபோர்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். அதுவும் பொடியங்கள் குதித்துச் சுழலுகிற சாதாரணப் பலகை இல்லை, கார்விங் பலகை. ஒடுங்கிய, நீண்ட, விறைப்பான சாமான். காலில் கல்லுப்போல பிளாஸ்ரிக் சப்பாத்து. பலகையை விளிம்பில் சரித்து, கை பனியில் முட்டும் அளவுக்குப் படுத்து, வளைந்து வளைந்து இறங்குவார்கள். போன வழியில் கத்தியால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு மட்டும் கிடக்கும். தம்பி பகீரதனும் வந்து சேர்ந்த பிறகு வீட்டுக்கு இரண்டு விசரர். கலியாணம் கட்டியும் பகீரதனுக்கு அந்த விசர் மாறவில்லை. பனி கொட்டினால் இரண்டு பேரும் விடியக் காலமை காரில் ஏறிவிடுவார்கள். என் தங்கச்சி புட்டும் சம்பலும் கட்டிக்கொடுத்துவிட்டு, மகளை இடுப்பில் வைத்தபடி யன்னலில் நின்று ஏசுவாள்.

இரண்டாயிரத்து ஆறு ஆடியில் கிளிநொச்சியில் தாய்க்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. போகவேண்டியது ஸ்ரீதான், அவன்தானே மூத்தவன். தொழிற்சாலையில் லீவு கொடுக்கவில்லை. "மூண்டு கிழமைதானே, நான் போட்டு வாறன்" என்று பகீரதன் போனான். ஓகஸ்டில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். தாயும் செத்தாள், அவனும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். அன்றைக்கு ஸ்ரீ தன் பலகையைக் கொண்டுபோய்க் கீழே லொக்கருக்குள் போட்டான். "அவன் வரட்டும், சேர்ந்து போவம்" என்றான். கடைசி ரெலிபோன் இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் வந்தது. வைகாசியில் எல்லாம் முடிந்தது.

முடிந்ததென்று உலகம் சொன்னது. எங்கள் வீட்டில் எது முடிந்தது? முகாமில் இருப்பவர்களின் பட்டியல், ஆஸ்பத்திரிப் பட்டியல், பிடிபட்டவர்களின் பட்டியல் என்று ஒன்று விடாமல் பார்த்தோம். எதிலும் பகீரதனின் பெயர் இல்லை. சாவு என்றால் எங்கள் ஆட்களுக்கு வழி தெரியும். துடக்கு, எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆள் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவனுக்கு என்ன செய்வது? கோயிலில் சனம் முதலில் என் தங்கச்சியின் நெற்றியைப் பார்க்கும், பிறகுதான் முகத்தைப் பார்க்கும். எனக்கு வருகிற கொதிக்கு இரண்டு அறை விடலாம் போலிருக்கும்.

யோகராணி அசையவில்லை. பொட்டை அழிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி காய்ச்சுவதை நிறுத்தவில்லை. "நாங்கள் துக்கம் காத்தா, நாங்களே அவரைக் கொன்ற மாதிரி" என்றாள். அந்த வீட்டுக்குள் பகீரதன் உயிரோடு இருந்தது அவளுடைய அந்தப் பிடிவாதத்தில்தான். அதில் ஆர் கைவைத்தாலும் அவள் நொறுங்கிப்போவாள் என்று எனக்குத் தெரியும்.

கைவைத்தவன் ஸ்ரீ. அதே வருசம் டிசெம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட இருந்தோம். அவன் சோற்றில் பருப்பை மட்டும் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தான். யோகராணி கறிச் சட்டியை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் என்ர மனிசனுக்குத் துடக்குக் காக்கிறியளோ?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய் ராணி? வயித்துக்குள்ள சரியில்லை."

"ஓகஸ்டில இருந்து ஒரே வயித்துக் குத்தோ? மச்சம் மாமிசம் தொடுறியள் இல்லை. தாடி வழிக்கேல்லை. வெளியில ஒரு கொண்டாட்டத்துக்கும் வாறியள் இல்லை. அவர் செத்துப்போனார் எண்டு நீங்களே முடிவெடுத்துப்போட்டியளோ?"

அவன் பருப்புச் சோற்றைத் திரும்பவும் பிசையத் தொடங்கினான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "விடடி, மனிசன் சாப்பிடட்டும்" என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சும்மா இரு அக்கா. தம்பி உயிரோட இருக்கிறவர் என்ன செய்வார்? ஸ்னோ கொட்டினா மலைக்குப் போவார். அத்தான், நீங்கள் இந்தக் கிழமையே போறியள். போகாட்டி இந்த வீட்டு வாசலுக்கு வரவேண்டாம்."

ஊர் அழிந்த வருசம் தமையன் பனி சறுக்கப் போறாராம், சனம் வாயால் சிரிக்காது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஸ்ரீயும் சரியென்று தலையை ஆட்டினான்.

அடுத்த நாள் லொக்கரைத் திறந்தால் எல்லாம் நாசம். குழாய் ஒழுகி, பலகையின் இரும்பு விளிம்பு முழுக்கத் துருவேறிக் கிடந்தது. சப்பாத்தை எடுத்துக் குதியைப் பெருவிரலால் அமத்தினான், பிளாஸ்ரிக் படக்கென்று வெடித்தது. ஆக, எல்லாமே புதிதாக வாங்கவேண்டும். அந்தச் சாமான் இப்போது கண்ட கண்ட கடையில் கிடையாதாம். ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் வைத்திருக்கிறாராம். நித்திரையில்லாத மனிசனை நாலோ ஒன்று நெடுஞ்சாலையில் தனியே ஓடவிடப் பயந்து, என் காரில் நானே கூட்டிக்கொண்டு போனேன். புறப்படும்போது யோகராணி பகீரதனின் பலகையைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து பின்சீற்றில் வைத்தாள். இத்தனை வருசமும் அவளுடைய படுக்கை அறைக் கதவுக்குப் பின்னால் நின்ற பலகை.

"இதையும் குடுத்து விளிம்பு தீட்டிக்கொண்டு வாங்கோ. அவர் வந்தவுடன தேடுவார்."

ஸ்ரீ பின்சீற்றைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஏறினான்.

கடைக்காரர் நல்ல மனிசன். பகீரதனின் பலகையை வாங்கி மெசினில் பூட்டிவிட்டு, முதலில் சப்பாத்துக்கு வந்தார். ஸ்ரீயின் பாதத்தை அளந்து ஒரு சோடி கொடுத்தார். போட்டவன் முகத்தைச் சுளித்தான். நான் இடையில் புகுந்தேன். "ஒரு சைஸ் பெரிசா எடன், ரெண்டு கம்பளி மேஸ் போடலாம்." சின்ன வயதில் இருந்து நாங்கள் எல்லோரும் அப்படித்தானே சப்பாத்து வாங்கினோம். கிழவருக்கு அவன் மொழிபெயர்த்துச் சொன்னதும், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மெல்லிய காலுறை ஒன்றுதானாம். விரல் நுனியில் முட்டவேண்டும், குதி அரை அங்குலம்கூட எழும்பக்கூடாதாம். சப்பாத்துக்குள் கால் ஆடினால், கால் சொல்லுவது பலகைக்குக் கேட்காதாம். "சந்திரனுக்குப் போறவங்கட சப்பாத்து மாதிரி இருக்கு, இதுக்கு இவ்வளவு கதையோ?" என்றேன். நாலு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஸ்ரீயின் வாயோரத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன். எனக்கே சந்தோசமாகப் போய்விட்டது.

பிறகு பலகை. கிழவர் நிறை எவ்வளவு என்று கேட்டார். "நூற்றி எழுபது இறாத்தல்" என்றான் ஸ்ரீ. அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த தராசைக் காட்டினார். வேண்டாம் என்றான். "ஏறடா, என்ன தூக்கிலயோ போடப்போறார்?" என்று நான்தான் தள்ளினேன். நூற்றி முப்பத்தி நாலு. நான் முள்ளைத் திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தேன். ஜக்கற்றுக்குள் மனிசன் கரைந்துபோனதைப் பக்கத்திலேயே இருந்து நான் கவனிக்கவில்லை.

"உந்த நூற்றி எழுபதுக்குரியதையே தரச்சொல்லுங்கோ" என்று என்னிடம் தமிழில் சொன்னான், ஏதோ நான் கடைக்காரி போல.

கிழவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்தப் பலகை ஆளின் நிறையில்தான் வளையும். வளைந்தால்தான் திரும்பும். நிறை காணாவிட்டால் அது திரும்பாது, நேரே காட்டுக்குள் கொண்டுபோய் மரத்தில் அடித்துவிடும். அப்படிச் சொல்லிக்கொண்டே மெசினில் இருந்து பகீரதனின் பலகையைக் கழற்றி, ஒரு கரையைப் பிடித்து அமத்திப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. ஏன் புதிது வாங்குகிறாய், உன் இப்போதைய நிறைக்கு இது அளந்து செய்ததுபோல இருக்கிறது, சப்பாத்தைப் பூட்டுகிற பைண்டிங்கை மட்டும் உன் அளவுக்கு மாற்றித் தருகிறேன் என்றார். பலகையை நிலத்தில் வைத்து, "ஏறி நின்று பார்" என்று கை காட்டினார்.

ஸ்ரீ பின்னால் போனான். அந்தக் கனத்த சப்பாத்தோடு தடக்கி, சுவரில் போய்ச் சாய்ந்தான்.

"ஏறன், தம்பியின்ர பலகைதானே" என்றேன்.

"ஏலாது அக்கா. செத்தவன்ர பலகையில நான் ஏறமாட்டன்."

"ஆரடா செத்தவன்?"

அவன் அப்படியே நிலத்தில் குந்திக்கொண்டான். கிழவருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும், மெல்ல எழும்பிக் கடையின் பின்பக்கம் போய்விட்டார்.

"ஓகஸ்டில ஒராள் ரெலிபோன் எடுத்தவர். முகாமில இருந்து கொழும்புக்கு வந்தவர், பகீயோட ஒரே பங்கருக்குள்ள இருந்தவர். சித்திரை இருபத்தொண்டு, காலமை. ஷெல். தானே கிடங்கு வெட்டித் தாட்டதாச் சொன்னார். அவன்ர கழுத்தடி மறு, கையில இருந்த தழும்பு எல்லாம் சரியாச் சொன்னார் அக்கா."

"நாலு மாசம்! நாலு மாசமா நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு இருந்தனியோ, பாவி?"

"நான் போகவேண்டிய இடத்துக்கு அவன் போனவன். ராணிக்கு முன்னால நிண்டு எந்த வாயால சொல்லுறது? அவள் வருவார் வருவார் எண்டுதான் காலமை எழும்பிறாள். ஆண்டு முடியட்டும் எண்டு இருந்தன். என்னால முடிஞ்சது, அவனுக்கு நான் தனிய விரதம் காத்தன். வேற என்ன செய்ய?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. பகீரதன் என் கையால் எத்தனை நாள் சாப்பிட்ட பிள்ளை. அவனுக்கு அழ எனக்கு ஒஷாவாவில் ஒரு கடைதானா கிடைத்தது? கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை. தீட்டின பலகையைத் திரும்பப் போர்வையில் சுற்றிக்கொண்டு காருக்கு வந்தோம். திரும்பி வரும்போது கெஞ்சினான். சித்திரை வரைக்கும் பொறு அக்கா என்றான். "நீ சொல்லாட்டி நான் சொல்லுவன். அவள் என்ர தங்கச்சி" என்றேன். அதற்குப் பிறகு அவன் கெஞ்சவில்லை.

யோகராணி கதவைத் திறந்து, போர்வையை வாங்கி, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத் தீட்டியிருக்கு" என்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஸ்ரீ வாசலிலேயே நின்று சொன்னான். என்னிடம் சொன்னதுபோல உடைந்து சொல்லவில்லை, நாள், நேரம், இடம், ஆளின் பெயர் என்று பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொல்லி முடித்தான்.

நான் அவள் விழுவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் விழவில்லை.

"ஓகஸ்டிலயோ?"

"ஓம்."

"ஒக்ரோபரில அவரின்ர பிறந்தநாளுக்கு நான் கேக் வெட்டினனான். மகளைக்கொண்டு மெழுகுதிரி ஊதுவிச்சனான். அப்பாக்கு எண்டு ஒரு துண்டு எடுத்துப் பிரிஜ்ஜில வைச்சவள் பிள்ளை. நீங்கள் கையைத் தட்டிக்கொண்டு நிண்டனீங்கள், அத்தான்."

நான், "அவன் உன்னில உள்ள பாசத்தில..." என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த ஆளின்ர நம்பரை எழுதித் தாங்கோ. நான் கதைக்கவேணும். ஐயரோட நாளைக்குக் கதைச்சு அந்தியேட்டிக்கு நாள் எடுக்கிறன். அதுக்கு நீங்கள் வரவேண்டாம்."

"ராணி, நான் அவன்ர தமையன்."

"தெரியும். நீங்கள் நாலு மாசம் தனிய அழுது முடிச்சிட்டியள். என்னைப் பொட்டோட சிரிக்கவிட்டுட்டு அழுதியள். இனி நான் அழப்போறன். அதை நீங்கள் பாக்கக் கூடாது."

அவன் நம்பரை ஒரு துண்டில் எழுதி, சப்பாத்து வைக்கிற தட்டின்மேல் வைத்தான். இரண்டு தரம் வெட்டி எழுதினான். யோகராணி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் அவள் பின்னால் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்தும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. சொல்லவில்லை.