பூட்ஸ் வரிசையில் ஓர் உளவாளி

ரதியோன் ப்ளாக்ஸினை உளவாளி என்று சொன்னால் மாஸ்கோவில் காக்கை கூட நம்பாது. அவனே கண்ணாடியைப் பார்த்து, "இந்த மூஞ்சிக்கு உளவு ஒரு கேடா?" என்று கேட்டுக்கொள்வான். ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான சமையலறையில் பக்கத்து அறைக்காரி அவனை அழைப்பதே, "என்னய்யா ரகசியம், கொஞ்சம் உருளைக்கிழங்கு உரிச்சுக் குடேன்!" என்றுதான். உரித்தும் கொடுப்பான்.

இரண்டு குளிர்காலமாக மொழிபெயர்ப்பாளர் இனெஸ்ஸாவின் பின்னால் போவதுதான் வேலை. சிறையிலிருக்கும் அண்ணனைப் பற்றி அவள் வெளிநாட்டு நிருபன் ஒருவனிடம் சொல்லப் பார்க்கிறாள் என்று மேலிடத்துக்குச் சந்தேகம். அது நிஜமென்று இவன் எழுதினால் அவள் கதி அதோகதி. இந்த லட்சணத்தில், நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரிக்கு அவள் மேல் காதல் வேறு!

அன்று கடைக்கு அபூர்வமாகச் செக் நாட்டு பூட்ஸ் வந்திருந்தது. வரிசையில் அவள் நின்றாள், அவளுக்கு அடுத்து இவன். சட்டென்று திரும்பினாள்.

"தோழரே, இதோ வந்துடறேன். என் இடத்தைப் பாத்துக்குங்க."

"சரிங்க" என்று வாய் முந்திக்கொண்டது. போச்சு! சரி என்ற பிறகு வரிசையை விட்டு நகர்கிறவன் மனிதனா? அவள் தெரு திரும்பி மறைவதைப் பார்த்தபடி மரம் போல நின்றான்.

பின்னாலிருந்த கிழவி சீறினாள். "எங்கய்யா அந்தப் பொம்பளை? ஆளில்லாட்டி இடமும் இல்ல!"

"வந்துருவா. என் பெண்டாட்டிதான்."

சொன்னதும் அவனுக்கே குப்பென்று வியர்த்தது. மெல்ல நகர்ந்து கல்லாவுக்கு வந்துவிட்டார்கள்.

"அளவு?" என்றாள் கடைக்காரி.

"முப்பத்தேழு."

"அட, பெண்டாட்டி கால் அளவு தெரிஞ்ச புருஷன்! எம்புருஷனுக்கு என் பேரே பாதி நாள் மறந்துரும்" என்றாள் கிழவி.

மூச்சிரைக்க வந்து நின்ற இனெஸ்ஸா அதைக் கேட்டுவிட்டாள். முகம் வெளுத்தது. அவனை ஓரமாக இழுத்தாள்.

"என் கால் அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் சாமர்த்தியம் வேண்டுமே.

"பனியில உங்க தடத்தைப் பாத்துத்தானே தினமும் நடக்கறேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்போ... இன்னிக்கு நான் எங்க போனேன்னு எழுதப் போறீங்க?"

அவன் பூட்ஸ் பெட்டியை அவள் கையில் வைத்தான்.

"எங்க போனீங்க? காலையிலேர்ந்து என் முன்னாடிதானே நின்னீங்க."