தாமோதரனின் சனிக்கிழமைக் கூலி

தாமோதரன் எனக்கு நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். ஆந்திராப் பக்கத்து எங்கள் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன் மொதலாளியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம்தான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கின பணம் அடைகிறவரைக்கும் வேறு ஷெட்டுக்கு வேலைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்குத் தளம் போடக் கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். கேட்ட அன்றைக்கே அவ்வளவு பணம் எடுத்து வைக்கிற ஆள் ஏகாம்பரகுப்பத்தில் அப்போது நான் ஒருத்தன்தான்.

நான் மூணாங்கிளாஸ். நூல் கட்டு தூக்க இந்தத் தெருவுக்கு வந்தவன். இன்றைக்கு முனிரத்தினம் ஷெட் என்றால் புத்தூர்வரைக்கும் தெரியும். பதினாறு தறி, மேலே மாடி. மாடி ரூமில் இருக்கிற டிரஸ்ட்காரர்கள் தங்கள் வருஷ மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அவர்கள் மலர் பத்தாது. அதனால் தாமோதரனைப் பற்றி எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான். "வேற பேரு எதுக்கு மொதலாளி? என் பேரையே போடுங்க" என்றான்.

தறி ஷெட்டுக்குள் வந்து பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதினாறு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். மீதி எல்லாம் கை. நூல் அறுந்தால் ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டுவோம், டீ வந்தால் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்ப்போம். நாள் பூராவும் எல்லார் வாயும் அசைந்துகொண்டே இருக்கும். யார் யாரிடம் என்ன சொல்கிறான் என்று எவனும் பார்க்கமாட்டான்.

தாமோதரன் நாலு தறி பார்ப்பான். குடிக்கிற பழக்கம் இல்லை. வாய் மட்டும் ஓயாது. ஒரு வருஷம் அப்படித்தான் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பதினாறு தறியும் ஒரேயடியாக நின்றன. கரண்ட் போனால் கத்திக்கொண்டிருந்தவன் குரல் அப்படியே அந்தரத்தில் நிற்கும், எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கும் ஒரு குரல் அந்தரத்தில் நின்றது. தாமோதரன் குரல். ஆனால் அவன் நிறுத்தவில்லை.

"வரமாட்டேன்னு சொன்னேன்ல? எனக்கு வேலை கீது. நீ போ."

பக்கத்துத் தறி சிரஞ்சீவி அவனைக் கிண்டல் பண்ணினான். "யாருகிட்டடா பேசிக்கினு கீற? கரண்ட்டுகிட்டயா? சீக்கிரம் வரச் சொல்லுடா, துணி பீஸ் முடிக்கணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். தாமோதரன் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து, "என் பொண்டாட்டியப் பத்திப் பேசாதே" என்றான். சிரிப்பு நின்றுபோயிற்று.

நான் சிரஞ்சீவியைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏன்டா, இத்தினி நாளா உன்கிட்டதானே பேசிக்கினு இருந்தான்?"

"என்கிட்டயா? அந்தப் பக்கம் பவன்குமாரு கிட்டன்னு இல்ல நான் நெனச்சேன்!"

பவன்குமாரைக் கேட்டால், சிரஞ்சீவியிடம் பேசுகிறான் என்று இருந்தேன் என்கிறான்.

அவன் பெண்டாட்டி இந்திராணியை வரச் சொன்னேன். எங்கள் ஜனம்தான், என்னை மாமா என்று கூப்பிடும். விஷயத்தைச் சொன்னேன். "ஷெட்டுல எல்லாரோடயும் பேசறாரு, ஊட்டுலதான் வாயே தெறக்கமாட்டேன்றாருன்னு கோவமா இருந்தேன் மாமா" என்றது.

என் சொந்தக் காரில், என் டீசலில், திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இல்லாத குரல் காதில் கேட்கிற நோய் என்றார்கள். மாத்திரை தினமும் போட வேண்டும், ரொம்ப நாளைக்குப் போட வேண்டும், வேலை செய்யலாம் என்றார்கள். கொஞ்ச நாள் அங்கேயே படுக்கை. அப்புறம் வீடு.

மனசு சரியில்லாதவர்களுக்கு உதவுகிற டிரஸ்ட் என் மாடி ரூமுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புதன்கிழமை திருப்பதியிலிருந்து சபீனா என்கிற பெண் பஸ்ஸில் வந்து உட்காரும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும். இன்டர், அதாவது பிளஸ் டூ, பெயிலாகி வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளைகள், ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போய்த் தூக்கம் கெட்டு வந்தவர்கள், குடிகாரன் பெண்டாட்டி, பிள்ளை பெற்று அழுகை நிற்காதவள் என்று எல்லாரும் வருவார்கள். பென்ஷன் காகிதம் வாங்க, சச்சிவாலயம் என்கிற ஊர் கவர்மென்ட் ஆபீசுக்கு அவர்களோடு சபீனாவும் நடந்து போகும். கீழே தறி ஓடுகிறது, மேலே மனசுவிட்டுப் பேச ரூமா என்று தெருவில் சிரித்தார்கள். நான்தான் சொன்னேன், இந்தச் சத்தத்தில் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஒரு வார்த்தை விழாது, ஊர் வாய்க்குப் பயப்படுகிறவர்கள் இங்கேதான் வருவார்கள் என்று. அப்படியேதான் ஆயிற்று. வாடகையும் குறைத்துத்தான் வாங்குகிறேன்.

சில மாதத்தில் தாமோதரன் தெளிந்து வந்தான். மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், அதனால் தறி வேண்டாம் என்று தார் சுற்றுகிற வேலை கொடுத்தேன். நூலைச் சின்னச் சின்னக் குழலில் சுற்றித் தருகிற வேலை. வாரம் ரெண்டாயிரத்து நானூறு. பாதியைக் கடனில் கழித்துக்கொண்டு மீதியை இந்திராணி கையில் கொடுத்தேன். இந்த மாதிரி ஆட்களுக்கு இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வேறு மொதலாளி வேலையே கொடுத்திருக்கமாட்டான்.

ஒரே ஒரு தொல்லை. இப்போது ஷெட்டில் எல்லார் கண்ணும் தாமோதரன் உதட்டில். அவன் பாட்டு முணுமுணுத்தால்கூடச் சிரஞ்சீவி என்னிடம் ஓடி வருவான். நாலைந்து தடவை சும்மா ஓடி வந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை ஓடி வந்தபோது அது சும்மா இல்லை. தாமோதரன் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றான்.

மறுநாள் சபீனா கீழே வந்து என் மேசை முன்னால் நின்றது. "அய்யா, ஒக நிமிஷம் மேல வர்றீங்களா?"

"எனக்கு இன்னா வந்துச்சு, மேல வர்றதுக்கு?"

"வாடகை வாங்க மட்டும் வர்றீங்கல்ல? இன்னைக்குச் சும்மா வாங்க."

மாடியில் தாமோதரனும் இந்திராணியும் ஆளுக்கொரு நாற்காலியில் இருந்தார்கள். தாமோதரன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "மாத்திரையை நிறுத்திட்டேன் மொதலாளி."

"ஏன்டா? நல்லாத்தானே இருந்தே?"

"நல்லாதான் இருந்தேன். அப்போ என் கூலி ஏன் என் கைக்கு வரல? சனிக்கிழமை எல்லாரும் கை நீட்டி வாங்கறானுங்கோ. நான் தார்ப் பொட்டி பக்கத்துல நின்னு பாத்துக்கினு கீறேன். இவ வந்து வாங்கிக்கினு போறா. மாத்திரை துன்ற வரைக்கும் நான் நோயாளி. நோயாளி கைல எவனும் காசு குடுக்கமாட்டான். அதான் உட்டுட்டேன்."

இந்திராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "கைல குடுத்தா இன்னா பண்ணுவேன்னு தெரியாதா? போன வருசம் ஒரு வாரக் கூலியை அப்படியே புத்தூரு பஸ் ஸ்டாண்டுல எவனோ ஒருத்தனுக்குக் குடுத்துட்டு வந்தியே! நானும் பொண்ணும் கஞ்சி குடிச்சோம்."

"அந்தக் கொரலு குடுன்னுச்சு, குடுத்தேன். இப்போ அது இல்ல." இந்திராணி பக்கம் திரும்பினான். "இல்லாமதான் இருந்துச்சு. ரெண்டு நாளா மறுபடி கீது. எனக்கே பயமாயிடுச்சு."

நான் எதையும் இழுத்தடிக்கிறவன் இல்லை. "சரி. மாத்திரை போடு, கூலியைக் கைல தரேன். முடிஞ்சுதா?"

"வேணாம் அய்யா" என்றது சபீனா. "ரெண்டுக்கும் முடிச்சு போடாதீங்க. மாத்திரை அவர் உடம்புக்கு. கூலி அவர் செஞ்ச வேலைக்கு. ஒரு நாள் மாத்திரை மறந்தா கூலியைப் பிடிச்சுக்குவீங்களா?"

"பிடிப்பேன்."

"அப்போ அவர் மறந்ததை யாருகிட்டயும் சொல்லமாட்டார். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"இந்தப் பாப்பா எனக்குக் கூலி குடுக்கக் கத்துத் தருது பாரு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கூலி குடுத்தவன் நான்."

"அதனாலதான் உங்களைக் கேக்கறோம்" என்றது.

"என் கடன்?" என்று கேட்டேன்.

தாமோதரன் அப்போதுதான் நிமிர்ந்தான். "நீங்களே கழிச்சிக்கினா நான் குடுத்த மாதிரி எப்டி ஆவும்? முழுசா என் கைல எண்ணிக் குடுங்க. அப்புறம் வாராவாரம் நான் எண்ணிக் குடுக்கறேன். எட்நூறு."

பாதி பிடித்தால் ஆயிரத்து இருநூறு. அவன் சொல்வது எண்ணூறு. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இத்தனை வருஷத்தில் முன்பணத்தைத் தன் கையால் எண்ணித் தருகிறேன் என்று சொன்னவன் ஒருத்தனும் இல்லை. எல்லாம் நான் பிடித்ததுதான். பிடிக்கிறது வலிக்கும்போதுதான் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தணிக்கு ஓடுவார்கள். தானாகக் கொடுக்க நினைக்கிறவன் எங்கே ஓடுவான்? டிகிரி படித்தவனுக்கு இந்தக் கணக்கு வராது. ஒத்துக்கொண்டேன்.

இந்திராணிதான் ஒத்துக்கொள்ளவில்லை. சபீனா அதை அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்கு வாரம் எவ்வளவு வேண்டும் என்று ரெண்டு பேரையும் அங்கேயே பேசச் சொன்னது. அரிசி, கேஸ், பெண்ணின் பஸ் பாஸ் என்று பேசிப் பேசி ஆயிரத்து இருநூறில் வந்து நின்றார்கள். "இந்த ஒரு வாரம் பாக்கறேன்" என்றது இந்திராணி. "காசு ஊட்டுக்கு வரலன்னா அடுத்த வாரம் நானே வந்து நிப்பேன்."

"நில்லு" என்றான் தாமோதரன்.

மறுநாள் சபீனாவே அவர்களைத் திருப்பதியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிற்று. மாத்திரை திரும்ப ஆரம்பித்தான். சனிக்கிழமை வேலைக்கு வந்தவனிடம், குரல் போச்சாடா என்று கேட்டேன். "கீது. தூரத்துல கீது" என்றான்.

கூலி கொடுக்கிறதற்காகத் தறியை நிறுத்துகிற பழக்கம் என்னிடம் இல்லை. நான் மேசையில் உட்கார்ந்து கையை ஆட்டுவேன், ஒவ்வொருத்தனாக வருவான். பவன்குமாருக்குப் பிறகு தாமோதரனைப் பார்த்துக் கையை ஆட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். இந்திராணி கேட்டுக்கு வெளியே நின்றது, உள்ளே வரவில்லை. எல்லாம் நூறு ரூபாய் நோட்டாக எண்ணி அவன் கையில் கொடுத்தேன். அவன் இன்னொரு தடவை எண்ணினான். வீட்டுக்கு உண்டானதைச் சட்டைப் பையில் வைத்தான். நாலு நோட்டை மடித்து இடுப்பில் செருகினான். மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு, கையை நீட்டுங்கள் என்று ஜாடை காட்டினான்.

அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கை நீட்டினது கிடையாது. நீட்டினேன்.

ஒவ்வொரு நோட்டாக வைத்தான். உதடு அசைந்தது. சிரஞ்சீவி தன் தறியை விட்டுவிட்டு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடும் கூட அசைந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. அஞ்சு, ஆறு, ஏழு. எட்டாவது நோட்டை என் உள்ளங்கையில் வைத்தான்.