சேகர் அண்ணனின் வேனுக்கு நான் செய்த வெப்சைட்

1. கேமரன் போக வேன்

வெப்சைட் ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, சேகர் அண்ணன் ஈப்போவில் நான் வெப்சைட் செய்து கொடுக்கும் கடைக்கே வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"தங்கச்சி, போன் அடிச்சிக்கிட்டேதான் இருக்கு லா. ஆனா எல்லாரும் கேமரன் மலைக்குப் போவணுமாம். ஸ்ட்ராபெரி பறிக்கக் கூட்டிட்டுப் போவீங்களான்னு கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களிலிருந்து சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் மையத்துக்கு ஏற்றிப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். மனைவியைக் கொண்டுபோகத்தான் முதலில் அந்த வேனை வாங்கினார். மனைவி போன பிறகும், கூட வந்தவர்களைக் கைவிட மனமில்லாமல் ஓட்டினார். இப்போது பாதி இருக்கை காலி. டீசலுக்கே கட்டுப்படியாகவில்லை. ஆள் சேராவிட்டால் வேனை விற்றுவிட்டு லோரி ஓட்டப் போக வேண்டியதுதான். அப்புறம் வேனில் இருக்கிறவர்களை யார் கொண்டுபோவது என்று நினைத்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

கேமரன் கூத்துக்குக் காரணம் அவரேதான். நோய், நோயாளி, டயாலிசிஸ், இதில் ஒரு சொல்லும் வரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அபசகுனமாம். 'சுகமான பயணம், அன்பான கவனிப்பு' என்று அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். படத்துக்கு வேனைக் கேமரன் போகும் சிம்பாங் பூலாய் மலைப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றுலா வேன் என்று ஊர் நினைக்காமல் வேறு என்ன நினைக்கும்?

2. சிங்கப்பூரிலிருந்து ஒரு மகள்

அவர் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே மறுபடி போன் வந்தது. கேமரன்தான் என்று சலித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். பேசிய பெண்ணின் பெயர் மல்லிகா, சிங்கப்பூரில் வேலை. அப்பா முனியாண்டி தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார், புதிதாக டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறது. எங்கள் படத்தில் சக்கர நாற்காலி ஏற்றும் பலகை தெரிந்ததைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்.

"அண்ணே, வீட்டுப் படி ஒசரம். அப்பாவ கையப் புடிச்சி எறக்குவீங்களா, இல்ல ரோட்டுல நின்னு ஹார்ன் அடிப்பீங்களா?"

"உள்ள வந்து கூட்டிட்டுப் போவேன்மா. திரும்பி வரும்போது தலை சுத்தும், அவசரப்படுத்த மாட்டேன். கட்டில்ல உக்கார வச்சி, வெளக்கப் போட்டுட்டுத்தான் வாரேன்."

அந்தப் பக்கம் மல்லிகா அழுகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

அன்றுதான் எனக்கு உறைத்தது. வேனில் ஏறுகிறவர் வெப்சைட்டைப் பார்ப்பதில்லை. எங்கோ தூரத்தில், வேலைக்கு நடுவில், பிள்ளை பார்க்கிறது. மலைப் படத்தைத் தூக்கினேன். முதல் வரியில் டயாலிசிஸ் என்று பெரிதாகப் போட்டேன். அண்ணன் முகம் சுளித்தார்.

"அண்ணே, நோயச் சொன்னா நோய் வந்துடாது. வந்தவங்கதான் உங்களத் தேடுறாங்க" என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன்.

எந்தெந்தத் தோட்டங்கள், எந்தெந்த நாள்கள் என்று எழுதினேன். மல்லிகாவின் கேள்வியையும் அண்ணனின் பதிலையும் பேசியபடியே போட்டேன். கீழே வாட்ஸ்அப் பட்டன். போன் செய்கிறவரிடம் வேனில் இடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் இடம் உண்டா இல்லையா என்பதை மேலேயே காட்ட ஒரு வரி. சில மாதங்களில் வேன் நிறைந்தது. அந்த வரியில் 'இடம் இல்லை' என்று நான் மாற்றிய அன்று அண்ணன் எனக்கு எங்கள் ஊர் வெள்ளைக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

3. அப்பாவின் சீட்டு

அடுத்த வருஷம் முனியாண்டி ஐயா இறந்துபோனார். 'இடம் இல்லை' வரியை மாற்றட்டுமா என்று அண்ணனைக் கேட்டேன்.

"கருமாதி முடியட்டும் தங்கச்சி. அது அவரு சீட்டு. அதுக்குள்ள காலின்னு போட்டா, மல்லிகா பாத்தா என்ன நெனைக்கும்?"

தன் தாயை வாடகைக் காரில் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் வாட்ஸ்அப்பில் இடம் கேட்டுக் காத்திருந்தார். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அண்ணன் பேச்சை மாற்றினார். அவர் மனசும் புரிந்தது, அதனால் கோபப்படவும் முடியவில்லை.

வெப்சைட்டின் அடியில் என் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு மல்லிகா கூப்பிட்டார்.

"அக்கா, அப்பா போனப்பொறவும் அந்தப் பக்கத்தத் தெறந்து தெறந்து பாக்குறேன். இன்னும் இடம் இல்லைன்னுதான் இருக்கு. அண்ணன் எங்களுக்காகத்தான் அப்படி வச்சிருக்காருன்னு தெரியுது. ஆனா என்னை மாதிரி யாராவது பாத்துக்கிட்டே இருப்பாங்க இல்ல? அப்பா சீட்ட அவங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

அப்படியே அண்ணனிடம் போனில் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "மாத்திடு" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவது இதுதான்: நீங்கள் எழுதும் வரியை யார் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். அன்று 'ஒருவருக்கு இடம் இருக்கிறது' என்று மாற்றிவிட்டு, அண்ணனுக்கு முன்னால் மல்லிகாவுக்குத்தான் செய்தி அனுப்பினேன்.

"பாத்துட்டேன்க்கா" என்று பதில் வந்தது.