பத்தரை மணித்தியாலத் தூரம்

அண்ணன் லண்டன் போய்ச் சேர ஐந்து மாதம் பிடித்தது. ஏஜென்சிக்காரன் நாடு நாடாக இறக்கி ஏற்றி, இடையில் எங்கோ ஒரு குளிர் அறையில் அடைத்து வைத்து, ஒருவழியாகக் கொண்டுபோய் விட்டான். அப்படிப் போனவர் வந்தால் ஒரேயடியாகத்தான் வருவார் என்று நான் நினைத்ததில் என்ன பிழை? சண்டை முடிந்து போன் வந்த நாளிலிருந்து அவரும் அதைத்தான் சொன்னார். "பென்சன் எடுத்த கையோட வந்திடுவன், தங்கச்சி."

நான் ஜெயபுரத்தில் இரண்டு ஏக்கர் வயலோடு தனியே இருக்கிறேன். கணவர் இல்லை. மகள் கட்டிப்போன இடம் மட்டக்களப்பு. வரம்பு கட்ட ஆள் பிடிப்பதும் நான், பன்றிக்குக் காவலும் நான், கமக்காரர் கூட்டத்தில் வாய்க்கால் தண்ணீருக்காகத் தொண்டை கிழியக் கத்துவதும் நான். அலுத்துப்போய்விட்டது. அண்ணன் பிளேன் ரிக்கெற் போட்டதாகச் சொன்னதும் வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டினேன். அவருக்குப் பழகின கொமட் கக்கூசும் வைத்தேன். இனிக் கூட்டத்துக்கு அவர் போவார், நான் ஒரு மத்தியானமாவது சரிந்து படுப்பேன் என்று இருந்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போனேன். ஏழு மணித்தியாலம் குலுங்கியதில் இடுப்பு விட்டுப்போனது. சாமான் நிறைய வரும் என்று பின் சீற்றுகளைக் கழற்றச் சொல்லியிருந்தேன். அண்ணன் ஒரு சின்னச் சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்தார். தலை முழுக்க வெள்ளை. கட்டிப்பிடித்து அழுதோம்.

"மிச்சச் சாமான் எங்கை அண்ணை? கப்பலில வருதோ?"

"என்ன சாமான்? மூண்டு கிழமைக்கு இது காணும்."

வான்காரர் வெறுமையாய்க் கிடந்த பின்பக்கத்தைப் பார்த்தார். நான் ஏறிக்கொண்டேன்.

அண்ணன் நல்ல சந்தோசமாக இருந்தார். "ஒரு படம் பாத்தன், சாப்பிட்டன், படுத்தன். பத்தரை மணித்தியாலம். கண் முழிக்கக் கொழும்பு. இவ்வளவு கிட்ட எண்டு தெரியாமப் போச்சு. இனி என்னத்துக்கு எல்லாத்தையும் விட்டிட்டு வரவேணும்? நினைச்ச நேரம் வந்திட்டுப் போகலாம்."

தூரமாக இருந்தவரைக்கும் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று கிடந்த மனிதர். கிட்டவென்று தெரிந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. விமானத்தைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். வவுனியா வருமுன்னே அண்ணன் என் தோளில் நித்திரையானார். தோள் விறைத்தாலும் நான் அசையவில்லை.

அடுத்த நாள் காலை அறையைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல காத்தோட்டம். நான் இல்லாத நேரம் ஆரும் ரீச்சருக்கு வாடகைக்குக் குடு."

"எனக்குத் தனிய இருக்க ஏலாமக் கிடக்கண்ணை." சொல்லியே விட்டேன்.

என் தலையைத் தடவினார். "விசரி. ஏதும் எண்டால் ஒரு போன் கோல் எடு. பத்தரை மணித்தியாலத்தில வந்து நிப்பன்."

மனதாரத்தான் சொன்னார். போன மாரியில் காய்ச்சலோடு எழும்ப ஏலாமல் கிடந்தபோது எனக்கு ஒரு மிடறு தண்ணீர்தான் வேண்டியிருந்தது. குசினியில் குடம் நிறைய இருந்தது. பத்தடி தூரம். விடிந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும்வரை எடுத்துத் தர ஆளில்லை.