இரண்டு பெயர்கள், ஒரே காகிதம்

எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று பள்ளிக்கூடத்துப் பெயர், மற்றது சபைப் பெயர். பள்ளிக்கூடத்துப் பெயரில் நாங்கள் இந்துக்கள், பட்டியல் சாதி. சபைப் பெயரில் திருவட்டாறு பக்கத்துச் சிறிய சர்ச் ஒன்றில் நான்கு தலைமுறையாக ஞாயிறு தவறாமல் பாட்டுப் பாடும் குடும்பம். ஞானஸ்நானம் வாங்கியவனுக்குச் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது. எங்கள் தெருவைத் தாண்டிப் போகும் யாரும் அப்படி நம்பியதாக எனக்கு நினைவில்லை. அந்த இரண்டு பெயர்களையும் நான் இங்கே எழுதப் போவதில்லை.

அப்பா ரப்பர் பால் வெட்டப் போனவர். என்னையும் அக்காவையும் பள்ளியில் சேர்த்த அன்று அவர் சொன்னதை நாங்கள் வேதவசனத்தைவிட நன்றாக மனப்பாடம் செய்தோம். "சர்க்கார் கேட்டா ஒரு பேரு, சபை கேட்டா ஒரு பேரு. ரெண்டும் ஒரே பேப்பர்ல வரப்பிடாது, கேட்டியளா மக்கா?" அக்காவுக்கு நர்சிங் இடம் கிடைத்ததும், எனக்கு அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு வேலை கிடைத்ததும் அந்த முதல் பெயருக்கு உண்டான இடஒதுக்கீட்டால்தான். ரோட்டை இருபுறமும் பார்த்துக் கடப்பதுபோல அது எங்களுக்குப் பழகிவிட்டது.

அக்காவும் அத்தானும் இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர்களுடைய மகள் என்னிடம் இருந்தாள். விட்டுப் போனபோது இரண்டு வயது. நான் தனியாள். அவளுக்குத் தலைவாரி, சோறூட்டி, ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பி, அவளை என் பிள்ளையாகவே எண்ணிவிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

போன புதிதில் அக்கா வீடியோவில் வந்து சிரித்தாள். அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்களாம். உன் இனம் என்ன, ஒரு கட்டத்தில் குறி போடு என்று. வெள்ளையர், கறுப்பர், ஆசியர், கலப்பு, மற்றவை. ஆசியர் என்பதற்குக் கீழே இந்தியர்.

"ஏட்டி, எனக்க கூட வேலை பாக்குற திருவனந்தபுரத்து நாயர் பிள்ளைக்கும் டெல்லிக்காரிக்கும் எனக்கும் ஒரே கட்டம். அந்த நாயர் பிள்ளை எனக்க பேனாவ வாங்கித்தான் குறி போட்டா. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல்ல."

அடுத்த கட்டம் மதம். அதில் கிறிஸ்தவம் என்று குறி போட்டுவிட்டாளாம். முப்பத்தெட்டு வயதில், சபைப் பதிவேட்டுக்கு வெளியே ஒரு காகிதத்தில், முதல் தடவையாக. "போட்டிட்டு சுத்திப் பாத்தேன். ஒண்ணும் ஆகல்ல" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் விட்டுப்போன ஆள் எங்கள் குடும்பத்தில் அதுவரை இருந்ததில்லை.

குழந்தைக்கு விசா கேட்டபோது சிக்கல் வந்தது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் சபைப் பெயர். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு படுத்திருந்தவளிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள். வாயில் வந்தது அதுதான். அக்காவின் பாஸ்போர்ட்டிலோ பள்ளிக்கூடத்துப் பெயர். இவள்தான் தாய் என்று எப்படி நம்புவது, ஒரு மாதத்துக்குள் சான்று அனுப்பு என்று விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

தாலுகா அலுவலகத்தில் ஒரே நபர் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குத்தான் என்று எழுதி முத்திரை வைத்துத் தருவார்கள். அப்பா சொன்னதற்கு நேர் எதிரான காகிதம். ஆனாலும் அதற்கும் எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. சபைப் பெயரை "வீட்டில் செல்லமாக அழைக்கும் பெயர்" என்று எழுதிவிடுவது. அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். மனுவோடு வைக்க வேண்டிய அவளுடைய உறுதிமொழிப் பத்திரம் தூதரக முத்திரையோடு கூரியரில் வந்தது. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் நகல் எடுக்கிற கடையில் வைத்துப் பிரித்தேன். "ஞானஸ்நானத்தில் எனக்குச் சூட்டப்பட்ட பெயர்" என்று எழுதியிருந்தாள். கூடவே, நான்கு தலைமுறையாகவே நாங்கள் சபை உறுப்பினர்கள் என்று ஒரு வரி.

கடை வாசலிலேயே நின்று வீடியோவில் கூப்பிட்டேன்.

"ஏன் அக்கா இப்பிடி எழுதின?"

"உள்ளதத்தானே எழுதினேன். இஞ்ச பொய்யா எழுதினா ஆயுசுக்கும் விசா இல்ல ஏட்டி. அது எனக்க பேரு. உனக்க பேரு ஒண்ணும் அதுல இல்லியே."

நமக்கு ஒரே அப்பாதானே என்று கேட்க நினைத்தேன். பின்னால் குழந்தைக்காக வாங்கி வைத்த கட்டில் தெரிந்தது. உறுதிமொழியை மடித்துக் கவருக்குள் வைத்தேன்.

என் அலுவலகத்தில் ஜன்னல் ஓரம் ஒரு மேசை காலியாகக் கிடக்கிறது. அதில் இருந்தவருக்கும் என்னைப்போல இரண்டு பெயர். மகளின் கல்யாணக் கார்டில் ஒரு வேதவசனம் போட்டிருந்தார். கார்டு எங்களுக்கெல்லாம் கொடுத்தார். யாரோ அதை ஒரு மொட்டைப் பெட்டிஷனோடு சேர்த்து மேலே அனுப்பிவிட்டார்கள். விசாரணை, அப்புறம் வேலை நீக்கம். அவருடைய குடை இன்னும் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும்தான். கார்டை மேலே அனுப்பியது யார் என்று தெரியாததால் நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருக்கிறோம்.

புதிதாக ஓர் உறுதிமொழி வரவழைக்க நாள் போதாது. பத்து நாள்தான் பாக்கி இருந்தது. அந்தக் கவரை மூன்று நாள் பீரோவில் வைத்திருந்தேன். கொடுக்காமல் விட்டால் வேலையும் இருக்கும், பிள்ளையும் என்னிடம் இருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும் என் மீதே எனக்குக் கசப்பு வந்துவிட்டது. நான்காம் நாள் தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசாரிக்க கிராம நிர்வாக அலுவலர் வந்தார், ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்த நாளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று இன்றும் தெரியாது. தூரத்தில் ஸ்கூட்டரைப் பார்த்ததும் சபைக் காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அது தொங்கிய இடத்தில் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது. அவர் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்தார்.

"அக்காவுக்கு இந்தப் பேரு எப்பம்மா வச்சது?"

"சின்னதுலே, சார்."

"நீங்க வேலை பாக்குறீங்களோ?"

சொன்னேன். அலுவலகத்தின் பெயரையும் கேட்டார். எழுதிக்கொண்டார்.

"அது எதுக்கு சார்?"

"சும்மாதான். ரிப்போர்ட்ல குடும்ப விவரம் வேணும்."

சர்ச்சுக்கு உடுத்தி நின்ற குழந்தை உள்ளேயிருந்து வந்து, "சித்தி, பாட்டுப் புஸ்தகம் எடுக்கலியா?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைக்க அவருக்கு நேரமானது.

மனு கொடுத்த ஆறாம் நாள் சான்றிதழ் கிடைத்தது. முதல் பெயர், என்கிற, இரண்டாம் பெயர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இரண்டும் ஒரே வரியில். முத்திரை, கையெழுத்து. அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: "நகல்: மனுதாரரின் தங்கை பணிபுரியும் அலுவலகத் தலைவருக்கு, தக்க நடவடிக்கைக்காக." தக்க நடவடிக்கைக்காக என்று இருபது வருடமாக எத்தனையோ கடிதங்களில் படித்திருக்கிறேன். என்னைக் குறித்து இப்போதுதான் படிக்கிறேன்.

மேம்பாலத்துக் கடையில் அந்த வரியை மட்டும் பின்னால் மடித்துவிட்டு ஸ்கேன் செய்யக் கொடுத்தேன்.

"அடியில மடங்கிப் போச்சு, அக்கா. நிமித்திப் போடட்டா?" என்றாள் கடைப்பெண்.

"வேண்டாம் பிள்ளே. அது ஆபீஸ் காரியம்."

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "உள்ளதச் சொன்னா ஒண்ணும் ஆகாதுண்ணு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன அக்கா."

விசா கிடைத்து, போன வாரம் அத்தான் வந்து குழந்தையை அழைத்துப் போனார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கை காட்டினாள். அழவில்லை. நான்தான் பஸ்ஸில் களியக்காவிளை வரும்வரை அழுதேன்.

தாலுகா அலுவலகத்திலிருந்து நகல் இன்னும் வரவில்லை. தினமும் பதினோரு மணிக்குத் தபால் பை வரும். பிரிப்பது நான். அதை எடுத்து ஒளிக்க முடியாது, பதிவுத் தபாலாகத்தான் வரும். எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, அதிகாரியின் அறைக்கு நானேதான் கொண்டுபோக வேண்டும். பதிவேட்டில் "யாரைக் குறித்து" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பெயர் எழுதத்தான் அதில் இடம் உண்டு. என்னுடைய எந்தப் பெயரை எழுதுவது என்று தினமும் பத்தே முக்காலுக்கு யோசிக்கத் தொடங்குகிறேன்.